துறை சாதனைப் பட்டியல்: மரம் மாறுது, சாயம் மட்டும் மாறலை. டெல்டா கெமிக்கல் இன்ஜினியரிங் துறைகள் பத்தி ஒரு விவாதம்

வெண்ணாற்றங்கரை:
நான் படிச்ச கெமிக்கல் இன்ஜினியரிங் துறையிலேர்ந்து வருஷா வருஷம் ஒரு பி.டி.எஃப் வாட்ஸாப் குரூப்புல வந்து விழும். "துறையின் ஆராய்ச்சி மற்றும் மாணவர் சாதனைகள்". காலேஜ் பேர் வேணாம், டெல்டாவுக்குள்ள இருக்கு, அது போதும். இந்தத் தடவை உக்காந்து முழுசாப் படிச்சேன்.

முதல் பக்கத்துல கட்டுரை எண்ணிக்கை கொட்டை எழுத்துல. அடுத்து மேற்கோள் எண்ணிக்கை, அதை வச்சுப் போடுற ஹெச்-இன்டெக்ஸ்ங்கிற மதிப்பு. அப்புறம் தலைப்புகள். வேப்பிலைத் தூளால் மெத்திலீன் ப்ளூ நீக்கம் (அது ஒரு நீலச் சாயம்). புளியங்கொட்டைக் கரியால் மெத்திலீன் ப்ளூ நீக்கம். வாழைத்தண்டு, தேங்காய் மட்டை, உமி. மரம் மாறுது, சாயம் மட்டும் மாறலை.

எனக்கு இதுல தனிக் கடுப்பு உண்டு. நான் கொங்குப் பக்கம் சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்துல வேலை பார்க்கிறேன். பருத்தித் துணிக்குப் போடுறது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். தண்ணியில அது எதிர்மின் சுமையோட இருக்கும். மெத்திலீன் ப்ளூ நேர்மின் சுமை. காஞ்ச இலை, சக்கை எதை எடுத்தாலும் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின், அதனால மெத்திலீன் ப்ளூ தானா வந்து ஒட்டிக்கும். ரியாக்டிவ் சாயம் அப்படி ஒட்டாது. போதாக்குறைக்கு சாயம் துணியில ஏறணும்னு கொட்டின உப்பு முழுக்க அந்தத் தண்ணியிலதான் கரைஞ்சு கிடக்கும். அதுக்கு எந்த இலைத்தூளும் வழி சொல்லாது. 2011 ஜனவரியில ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுக்கு அப்புறம், ஆர்.ஓ. சவ்வு, தண்ணியை ஆவியாக்குற எவாப்பரேட்டர்னு வச்சுத் தண்ணியைத் திரும்ப எடுக்கிறாங்க. நிறம் போறது பெரிய விஷயமே இல்லை. உப்பை எடுக்கிறதுதான் கரன்ட் பில்லை ஏத்துது.

நொய்யலும் அமராவதியும் காவிரியிலதான் கலக்குது. அந்தத் தண்ணி கடைசியா வர்றது நம்ம வயலுக்கு. டெல்டாவுல இருக்கிற துறையோட பட்டியல்ல உப்பு பத்தி ஒரு கட்டுரை கூட இல்லை. இது யாருக்குச் சாதனை?

கரும்பலகை:
நான் இதே பகுதியில் வேறொரு கல்லூரியில் கெமிக்கல் துறை உதவிப் பேராசிரியர். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தும் கொஞ்சம் பாருங்கள்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்பது ஒரு செமஸ்டர். ஆய்வகத்தில் இருப்பது ஒரு ஷேக்கர், ஒரு மஃபிள் ஃபர்னஸ், வரிசையில் நின்று பயன்படுத்த வேண்டிய ஒரு யூவி ஸ்பெக்ட்ரோமீட்டர். மெத்திலீன் ப்ளூ விலை குறைவு, 664 நானோமீட்டரில் அழகாகப் பீக் காட்டும், கெட்டுப்போகாது. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளை அதை வைத்துத்தான் பொருள் கணக்கு (மெட்டீரியல் பேலன்ஸ்) என்றால் என்ன, சமநிலைக்கு எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு சாயம் ஒட்டும் என்று சொல்லும் லாங்மியூர் சமன்பாட்டில் ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது என்று கையால் தொட்டுக் கற்றுக்கொள்கிறது. பயிற்சிக்கு அது நல்ல சாயம்தான்.

கோளாறு அங்கே இல்லை. அந்தப் பயிற்சியைக் கட்டுரையாக்கி, கட்டுரையைச் சாதனையாக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கிறது. மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்குப் போடும் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசையில், பொறியியல் பிரிவில், 100-க்கு 30 மதிப்பெண் ஆராய்ச்சிக்கு. பதவி உயர்வுக்கும் கட்டுரை வேண்டும். உப்பைப் பற்றி ஆராய அதை வடிகட்டும் சவ்வுக் கருவி (மெம்ப்ரேன் ரிக்) வேண்டும், அதற்கு நிதி வேண்டும், நிதி கேட்டு எழுதினால் "முன் அனுபவம், வெளியிட்ட கட்டுரைகள்" என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்ப மறுபடி வேப்பிலை.

டிஸ்டிலேஷன் துரை:
சார் சொல்றது நியாயம். ஆனா ஒண்ணு கேக்கணும். இந்தக் கட்டுரைகள்ல எல்லாத்துலயும் "போலி இரண்டாம் படி இயங்கியல் பொருந்துகிறது, ஆர்-ஸ்கொயர் 0.999" அப்படினு ஒரு வரி தவறாம வருதே, எப்படி? (முன்னது சாயம் ஒட்டுற வேகத்துக்கு ஒரு சமன்பாடு. பின்னது கோடு எவ்வளவு பொருந்துதுங்கிற எண், 1-ஐ நெருங்கினா நல்ல பொருத்தம்.) இடது பக்கம் நேரத்தை, ஒட்டின சாயத்தோட அளவால வகுத்து, அதையே நேரத்துக்கு எதிரா வரைஞ்சா, ரெண்டு அச்சுலயும் நேரம் இருக்கு. சமநிலை வந்த பிறகு எடுத்த புள்ளிகள் நாலு சேர்ந்துட்டா கோடு நேராத்தான் வரும். அது இலையோட பெருமை இல்லை, வரைஞ்ச விதத்தோட பெருமை. ஒரு வைவாவுல, அதாவது வாய்மொழித் தேர்வுல, இதைக் கேட்டா எத்தனை பேர் பதில் சொல்வாங்க?

அடுத்த கேள்வி இன்னும் எளிது. சாயம் குடிச்ச அந்த இலைத்தூளை என்ன செஞ்சீங்க? தண்ணியில இருந்த கழிவு இப்ப சாக்குல இருக்கு. அவ்வளவுதானே.

(நான் குஜராத்துல ஒரு ரிஃபைனரியில, ஊர் பாபநாசம் பக்கம்.)

கரும்பலகை:
வைவாவில் நான் கேட்பேன். பதில் வந்ததும் உண்டு, வராததும் உண்டு.

நான்காம் வருஷம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஃபைனல் இயர் கெமிக்கல். அண்ணா சொன்ன பி.டி.எஃப் மாதிரி ஒண்ணு எங்க துறையிலயும் வரும், ஆனா நீங்க யாரும் கடைசிப் பக்கங்களுக்குப் போறதே இல்லைனு நினைக்கிறேன். அங்க "மாணவர்கள் வேதி கார் போட்டியில் பங்கேற்றனர்"னு ஒரே ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி நாங்க பட்டதை எழுதட்டுமா?

அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கெமிக்கல் இன்ஜினியர்ஸ் 1999-லேர்ந்து நடத்துற போட்டி இது. கையடக்கமா ஒரு கார். ஓடுறதும் வேதிவினையால, நிக்கிறதும் வேதிவினையால. பிரேக் கிடையாது, கடையில வாங்கின பேட்டரி கிடையாது, ரிமோட் கிடையாது. எவ்வளவு தூரம் ஓடணும், எவ்வளவு தண்ணி சுமக்கணும்னு போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதான் சொல்வாங்க. 15 மீட்டர்லேர்ந்து 30 மீட்டருக்குள்ள ஏதோ ஒண்ணு, சுமை அரை லிட்டர் வரைக்கும். கோட்டுக்கு யார் கிட்டத்துல நிறுத்துறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. வேகம் கணக்கே இல்லை.

எங்க கார் ஓடினது அலுமினியம்-காற்று செல்லால. அலுமினியத் தகடு, உப்புக் கரைசல், காற்றுப் பக்கம் சிரட்டைக் கரி. நிக்கிறதுக்கு அயோடின் கடிகாரம்: அயோடின், வைட்டமின் சி, ஹைட்ரஜன் பெராக்சைடு, கஞ்சி. வைட்டமின் சி தீர்ற வரைக்கும் கரைசல் தெளிவா இருக்கும். தீர்ந்ததும் கண்ணிமைக்கிற நேரத்துல கருநீலமாயிடும். ஒரு பக்கம் எல்.இ.டி, இன்னொரு பக்கம் ஒளி சென்சார். கரைசல் கறுத்ததும் வெளிச்சம் மறையும், மோட்டாருக்குப் போற மின்சாரம் நின்னுடும்.

லேப்ல காலையில அளந்து அட்டவணை போட்டோம். இவ்வளவு வைட்டமின் சி போட்டா இத்தனை நொடி. மத்தியானம் அதே அளவைப் போட்டா கார் பாதியிலேயே நின்னுடுச்சு. சித்திரை வெயில், ஷெட்டுல ஃபேன் மட்டும்தான். அர்ரீனியஸ் சமன்பாட்டை ரெண்டாம் வருஷம் மனப்பாடம் பண்ணி எழுதினோம், அப்பதான் அது என்ன சொல்லுதுன்னு உறைச்சது. வெப்பநிலை ஏறினா வினை வேகம் ஏறும்னு எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு ஏறும்னு எங்க ஷெட்டு சொன்னது. அப்புறம் ஐஸ் பெட்டிக்குள்ள வாட்டர் பாத் வச்சு, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனி அட்டவணை போட்டோம். பரிசு வரலை. ஆனா பி.டி.எஃப்-ல இருக்கிற எந்தக் கட்டுரையை விடவும் இது எனக்குப் பெருசு. சொல்லிட்டேன்.

டிஸ்டிலேஷன் துரை:
தங்கச்சி, இன்டர்வியூவுக்கு வந்தா இதைத்தான் சொல்லு. கட்டுரைப் பட்டியலை நீட்டாதே. பிளான்ட்ல எங்களுக்கு வேண்டியது காலையில வந்த ரீடிங் மத்தியானம் ஏன் வரலைன்னு யோசிக்கிற ஆள்.

சம்பா சாகுபடி:
நான் இந்தப் படிப்பெல்லாம் படிக்காதவன். மன்னார்குடி பக்கம் விவசாயம், என் மவனும் இதே கெமிக்கல்தான் படிக்கிறான், அவன்தான் இந்தப் பக்கத்தைக் காட்டினான். கார் ஓட்டினீங்க, சந்தோஷம். ஆனா எங்க பிரச்னை ஒண்ணு இருக்கு, அதை எந்த காலேஜும் தொடலையே?

குறுவை அறுக்கிறது புரட்டாசி ஐப்பசியில. அப்பத்தான் மழை பிடிக்கும். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17-க்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. சில வருஷம் மத்திய அரசு 19 வரைக்கும் தளர்த்திக் குடுத்திருக்கு, ஆனா அந்த உத்தரவு வர்றதுக்குள்ள களத்துல கிடக்கிற நெல்லு முளை விட்டுடும். ரோட்டுல காய வைக்கிறோம், மழை வந்தா தார்ப்பாயைப் போட்டு மூடுறோம், வெயிலடிச்சா திரும்பப் பிரிக்கிறோம். நெல்லுல இருக்கிற தண்ணியை எடுக்கிறது உங்க படிப்புல வருமா வராதா?

கரும்பலகை:
ஐயா, வரும். ட்ரையிங் என்று தனிப் பாடமே இருக்கிறது. உங்கள் கேள்வி இந்த இழையில் வந்தவற்றிலேயே நல்ல கேள்வி.

டிஸ்டிலேஷன் துரை:
ஐயா, சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மத்தவங்க சரி பாருங்க.

ஒரு டன் நெல், ஈரப்பதம் 22. அதாவது தண்ணி 220 கிலோ, காஞ்ச பொருள் 780 கிலோ. 17-க்குக் கொண்டு வரணும்னா 780-ஐ 0.83-ஆல வகுக்கணும்: 940 கிலோ. அப்ப எடுக்க வேண்டிய தண்ணி 60 கிலோ. ஒரு கிலோ தண்ணியை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாஜூல். வெளிக்காத்துல வீணாப் போறது, ட்ரையர் சுவத்துல போறதுன்னு சேர்த்து இரட்டிப்பா, 5 மெகாஜூல்னு வச்சுக்கலாம். மொத்தம் 300 மெகாஜூல். உமி ஒரு கிலோவுக்கு சுமார் 13 மெகாஜூல் குடுக்கும். அப்ப 23 கிலோ உமி.

ஒரு டன் நெல்லு அரைச்சா சுமார் 200 கிலோ உமி வரும். அதாவது நெல்லு தன்னைத் தானே காய வச்சுக்கத் தன்னோட உமியில ஒன்பதுல ஒரு பங்கு போதும். எரிபொருளுக்குப் பஞ்சம் இல்லை. அந்த உமி மில்லுல இருக்கு, ஈர நெல்லு களத்துல இருக்கு, அங்கதான் சிக்கல். புளோயருக்கு வேண்டிய கரன்ட்டையும் நான் கணக்குல சேர்க்கலை.

சம்பா சாகுபடி:
கணக்கு நல்லா இருக்கு தம்பி. இப்ப என் கணக்கைக் கேளு. ஒரு டன்னுங்கிறது 40 கிலோ சிப்பத்துல 25 சிப்பம். நீ காய வச்சுக் குடுத்தா அது 23 அரை சிப்பமாயிடும். ஒன்றரை சிப்பம் காத்துல போச்சு. 2025-26-க்கு சாதா ரகத்துக்கு மத்திய அரசு விலை குவிண்டாலுக்கு 2,369. உன் 60 கிலோவுக்கு 1,400 ரூபாய்க்கு மேல ஆச்சு. அதுக்கு மேல ட்ரையர் வாடகை.

22-ல வாங்க மாட்டாங்கங்கிறதால 17-க்கு இறக்கித்தான் ஆகணும், சரி. ஆனா யாராவது நல்லா 14-க்குக் காய வச்சுக் குடுத்தா? விலை அதேதான். அதனால எல்லாரும் 17-ல நிறுத்தத்தான் பார்ப்பான், மெஷின்ல ஒரு புள்ளி கூடினா சண்டைதான்.

டிஸ்டிலேஷன் துரை:
17-லேர்ந்து 14-க்கு இறக்கினா டன்னுக்கு இன்னொரு 35 கிலோ போகும். ஐயா சொல்றது முழுக்க சரி. ட்ரையர் வடிவமைக்கிறவன் முதல்ல இந்தக் கணக்கைப் பார்க்கணும், அப்புறம்தான் காத்தோட சூடும் ஈரமும் பார்க்கிற சைக்ரோமெட்ரிக் சார்ட்.

கரும்பலகை:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல்லை அவசரப்பட்டுக் காய வைக்கக் கூடாது. மேல்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் அரிசியில் கீறல் விழும், அரைக்கும்போது நொய்யாகப் போகும். அதனால்தான் ஆலைகளில் இருக்கும் எல்.எஸ்.யூ ட்ரையரில் (சூடான காற்று ஊதும் உயரமான உலர்த்தி) கொஞ்சம் காய வைத்து, எடுத்து ஆற வைத்து, உள்ளீரம் வெளியே பரவிய பிறகு மறுபடி காய வைக்கிறார்கள். விதை நெல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சூடு 43 டிகிரியைத் தாண்டினால் முளைப்புத்திறன் போய்விடும்.

இந்த வேலையெல்லாம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1972-இல் தஞ்சாவூரில் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் வந்தது. ஈர நெல்லைக் காப்பாற்றுவதும், புழுங்கல் முறையை மேம்படுத்துவதும்தான் அதன் முக்கிய வேலைகள். அதுதான் பெயர் பலமுறை மாறி, 2021-இலிருந்து தேசிய முக்கியத்துவம் வாய்ந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. அதே ஊரைச் சுற்றி இருக்கும் கெமிக்கல் துறைகள் ட்ரையிங் பரிசோதனைக்கு இன்றும் தட்டில் ஈர மணலை வைத்துத்தான் செய்கின்றன. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பாடத்திட்டத்தில் மணல் என்று இருந்தால் நெல்லைப் போடக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை.

நான்காம் வருஷம்:
சார், எங்க லேப்லயும் மணல்தான் 😅

வெண்ணாற்றங்கரை:
நான் சாயத்துல ஆரம்பிச்சேன், ஐயா நெல்லுக்கு இழுத்துட்டு வந்துட்டார். நல்லதுதான். ஆனா பட்டியல்ல இன்னொரு பகுதி இருக்கு, அதையும் பேசணும். "காப்புரிமைகள்". பெருசா ஒரு எண் போட்டிருக்காங்க. பக்கத்துல சின்ன எழுத்துல "வெளியிடப்பட்டது".

தெரியாதவங்களுக்கு: இந்தியாவுல காப்புரிமை விண்ணப்பம் போட்டா 18 மாசத்துல தானாவே இதழ்ல வெளியாகும். படிவம் 9-ஐ சேர்த்துக் கட்டணம் கட்டினா சீக்கிரமே வெளியாகும். அதுக்கும் அந்தக் கண்டுபிடிப்பு புதுசா இல்லையாங்கிறதுக்கும் சம்பந்தமே இல்லை. பரிசோதனை பண்ணுங்கனு தனியா கேக்கணும், 2024 விதிகளின்படி 31 மாசத்துக்குள்ள. அப்புறம் பரிசோதகர் ஆட்சேபம் எழுதுவார், பதில் சொல்லணும், அதுக்கு அப்புறம்தான் வழங்கல். 2021 செப்டம்பர்லேர்ந்து கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்துல 80 சதவீதம் குறைச்சாங்க. நல்ல எண்ணத்துலதான் குறைச்சாங்க. ஆனா விண்ணப்பம் போட்டு வெளியீட்டுச் சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுறதும் மலிவாயிடுச்சு. டிசைன் பதிவையும் இதே எண்ணிக்கையில சேர்க்கிற இடங்கள் உண்டு. டிசைன் பதிவுங்கிறது தோற்றத்துக்கு மட்டும்தான், உள்ள வேலை செய்யுதா இல்லையானு யாரும் கேக்க மாட்டாங்க.

கல்லணை_கேகே:
எல்லாத்தையும் குறை சொல்லிட்டே இருக்கீங்க. பசங்க கேட் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி போறாங்க, எம்.டெக்ல மாசம் 12,400 உதவித்தொகையோட படிக்கிறாங்க, சிலர் பி.எச்டி-க்கு வெளிநாடு போறாங்க. இந்திய கெமிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தோட (ஐ.ஐ.கெம்.இ) மாணவர் கிளை நடத்துறாங்க, மாநாட்டுல பேப்பர் படிக்கிறாங்க. திருச்சியில 1964-ல ஆர்.இ.சி (இப்ப என்.ஐ.டி) வந்ததுலேர்ந்து இந்தப் பக்கம் எத்தனை ஆயிரம் பேர் பொறியாளர் ஆகியிருக்காங்க. சிதம்பரத்துல 1929-லேர்ந்து பல்கலைக்கழகம் நிக்குது. இதெல்லாம் சாதனை இல்லையா? ஆத்துல இறங்காம கரையில நின்னு ஆழம் சொல்றவங்க அதிகமாயிட்டாங்க.

வெண்ணாற்றங்கரை:
கேகே, அதெல்லாம் சாதனை இல்லைனு நான் எங்க சொன்னேன்? பிள்ளைகளோட சாதனை அது. துறையோட பட்டியல்ல அது கடைசிப் பக்கம், அதுதான் என் புகாரே.

கல்லணை_கேகே:
சரி. ஆனா டெல்டாவுல கெமிக்கல் படிச்சுட்டு டெல்டாவுலயே வேலை எங்கங்க இருக்கு? பனங்குடியில 1993-ல வந்த ரிஃபைனரி இருந்துச்சு, அந்தப் பழைய ஆலையை மூடியாச்சு. மிச்சம் பக்கத்துல சில சர்க்கரை ஆலை, திருச்சி பாய்லர் கம்பெனி. 2020-ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தாச்சு. அதுல உருக்காலை, துத்தநாக ஆலை, புதுசா எண்ணெய் எரிவாயு தோண்டுறது எதுவும் கூடாது. சட்டம் வேணும்னு நானும் கோஷம் போட்டவன்தான். ஆனா கேம்பஸுக்கு வர்றது சாஃப்ட்வேர் கம்பெனிகள். எங்க அத்தை "கெமிக்கலா? ஊருக்குள்ள குழாய் போடுறவங்க படிப்பா?"ன்னு கேட்டாங்க.

அரவை ஆலை:
வேலை இல்லைனு சொல்றவங்களுக்காக லாகின் பண்றேன். திருவாரூர் மாவட்டத்துல எங்க குடும்பத்துக்குப் புழுங்கல் அரிசி மில் இருக்கு. கணக்கு வழக்கு நான்தான் பார்க்கிறேன். எங்க வாசலுக்கு சிவில் வந்திருக்காங்க, எலக்ட்ரிக்கல் வந்திருக்காங்க, கெமிக்கல் இன்ஜினியர் ஒருத்தர் கூட வந்ததில்லை. ஆனா எங்க தலைவலி எல்லாமே உங்க படிப்புதான்.

ஒண்ணு, நெல் ஊற வச்ச தண்ணி. கிலோ நெல்லுக்கு ஒரு லிட்டர் மேனிக்கு வேணும். பச்சைத் தண்ணியில ரெண்டு நாள் ஊறினா நாத்தம் தெருவுக்கே போகும். சுடுதண்ணிக்கு மாறினோம், 65-70 டிகிரியில மூணு நாலு மணி நேரத்துல ஊறிடுது, நாத்தம் குறைஞ்சது. ஆனா தண்ணியை எங்கே விடுறது? வாய்க்கால்ல விட முடியாது, விடவும் கூடாது.

ரெண்டாவது சாம்பல். உமியை பாய்லர்ல எரிக்கிறோம். 100 டன் நெல்லுக்கு 20 டன் உமி, அதுலேர்ந்து கிட்டத்தட்ட 4 டன் சாம்பல். செங்கல் சூளைக்காரங்க கொஞ்சம் எடுப்பாங்க. மீதி மலை மாதிரி குவியுது. காத்தடிச்சா அக்கம்பக்கத்துல துணி காயப்போட முடியாது, சண்டைக்கு வருவாங்க, நியாயம்தான். உங்க ஆராய்ச்சியில உமிச்சாம்பல் சாயத்தை உறிஞ்சுதுன்னு படிச்சேன். அக்கம்பக்கத்து ஆளுங்களோட கோபத்தை உறிஞ்சுமான்னு யாராவது ஆராய்ச்சி பண்ணுங்க.

நான்காம் வருஷம்:
அக்கா!! உமிச்சாம்பல்ல 85-லேர்ந்து 95 சதவீதம் வரைக்கும் சிலிகா இருக்கும். காஸ்டிக் சோடாவுல 90-100 டிகிரியில கொதிக்க வச்சா சோடியம் சிலிகேட்டா கரையும், வடிகட்டி அமிலம் விட்டா வெள்ளை சிலிகா விழும். டயர்ல போடுற சிலிகா அதுதான். 2014-லயே குட்இயர் உமிச்சாம்பல் சிலிகாவை டயர்ல பயன்படுத்தப் போறதா அறிவிச்சாங்க. நாங்க இதையே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா எடுக்கலாம்னு பேசிட்டு இருக்கோம்!

வெண்ணாற்றங்கரை:
தங்கச்சி, எடு. ஆனா தலைப்பு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. இதை நான் வேலை பார்க்கிற பழக்கத்துல போடுறேன்.

ஒரு டன் சிலிகாவை, சிலிகாவுக்கும் சோடியம் ஆக்சைடுக்கும் எடை விகிதம் 3.3 இருக்கிற சிலிகேட்டாக் கரைக்கிறதா வச்சுக்க. சோடியம் ஆக்சைடு 303 கிலோ, காஸ்டிக்கா சொன்னா 390 கிலோ. இப்ப கந்தக அமிலம் விடுறே, சுமார் 480 கிலோ. சிலிகா விழுந்துடும். கூடவே என்ன வரும்? சோடியம் சல்ஃபேட், ஏறத்தாழ 700 கிலோ. சிலிகாவைக் கழுவுற தண்ணியில முழுக்கக் கரைஞ்சு போகும். ஒரு டன் சிலிகாவுக்கு முக்கால் டன் கிட்ட உப்பு! மில்லுக்குப் பின்னாடி வாய்க்கால், அதுக்கு அந்தப் பக்கம் ஐயாவோட வயல். நாங்க திருப்பூர்ல படுற அதே பாட்டை நீங்க திருவாரூருக்குக் கொண்டு வந்துடுவீங்க.

இந்த ஒரு எண் உமிச்சாம்பல் கட்டுரைகள்ல எத்தனைல இருக்குன்னு தேடிப் பாரு. சிலிகாவோட தூய்மை இருக்கும், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் இருக்கும், கழுவின தண்ணி எங்க போச்சுன்னு இருக்காது.

நான்காம் வருஷம்:
அப்ப எடுக்க வேணாமா அண்ணா? 😟

கரும்பலகை:
எடுக்கலாம் அம்மா. வழி இருக்கிறது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி-யில் இதற்கு அமிலத்துக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு விடும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். சிலிகா விழும், கரைசலில் சோடியம் கார்பனேட் நிற்கும். அதில் சுண்ணாம்பைச் சேர்த்தால் கால்சியம் கார்பனேட் அடியில் படியும், காஸ்டிக் திரும்பக் கிடைக்கும், மறுபடி சாம்பலைக் கரைக்கலாம். கொள்கையளவில் சோடியம் வெளியே போக வேண்டியதில்லை. ஆலையின் பாய்லர் புகையிலேயே கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது.

அதற்காக இது மந்திரமல்ல. ஒரு டன் சிலிகாவுக்கு அரை டன் அளவில் கால்சியம் கார்பனேட் சேறு வரும். திரும்ப வரும் காஸ்டிக் நீர்த்துப் போயிருக்கும், செறிவாக்க வெப்பம் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு சோடியம் நழுவுகிறது, சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் எங்கே சேர்கிறது? நான்கைந்து சுற்று ஓட்டி அளந்து எழுதினாலே நல்ல ப்ராஜெக்ட். தூய்மை 98 சதவீதம் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை, அதைப் பலர் செய்துவிட்டார்கள். சோடியத்தைப் பின்தொடருங்கள். அதற்குச் சுடரின் ஒளியை வைத்துச் சோடியத்தை அளக்கும் ஃப்ளேம் போட்டோமீட்டர் போதும், எங்கள் துறையில் சும்மா இருக்கிறது.

டிஸ்டிலேஷன் துரை:
சுத்தி வர்ற கரைசல்ல ஏதாவது ஒண்ணு சேர்ந்துக்கிட்டே போகும், அதுக்குக் கொஞ்சம் கரைசலை அப்பப்ப வெளியே விடணும், அதுதான் பர்ஜ், அந்தப் பர்ஜ்தான் உங்க நிஜமான கழிவு. பிளான்ட்ல எங்களுக்குத் தூக்கம் போறது இதாலதான். இதை ஃபைனல் இயர்லயே ஒரு பொண்ணு அளந்து பார்த்துட்டு வந்தா, நான் சிபாரிசுக் கடிதம் எழுதுறேன்.

சம்பா சாகுபடி:
வாய்க்கால்ல உப்பு விட மாட்டேன்னு முதல்லயே யோசிக்கிறீங்களே, அதுவே போதும். என் மவனையும் இதுல சேர்த்துக்குங்கம்மா, வேற காலேஜா இருந்தாலும் பரவாயில்லை. ட்ரையர் கணக்கையும் அப்படியே விட்டுடாதீங்க.

கல்லணை_கேகே:
ரெண்டு காலேஜ் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட்னா எந்தத் துறை பட்டியல்ல போடுவாங்க? 😄

கரும்பலகை:
இரண்டிலும் போடுவார்கள், கவலைப்படாதீர்கள்.

மாடரேட்டர்:
எமோஜி சண்டை வேண்டாம். காப்புரிமை பற்றித் தொடர விரும்புவோர் தனி இழை தொடங்கவும். இங்கே சாம்பலும் நெல்லும் மட்டும்.

நான்காம் வருஷம்:
அரவை ஆலை அக்கா, நாங்க வந்து சாம்பல் எடுத்துக்கலாமா? எவ்வளவு தருவீங்க? சார், எந்த சாம்பல் நல்லது, கறுப்பா வெள்ளையா?

கரும்பலகை:
இரண்டும் எடுங்கள், தனித்தனிப் பையில். பாய்லர் அடியில் விழுவது வேறு, புகைக்கூண்டுப் பக்கம் பிடிப்பது வேறு. கறுப்பு என்றால் எரியாத கரி அதிகம். மஃபிள் ஃபர்னஸில் வைத்து எடை இழப்பைப் பாருங்கள், கரி எவ்வளவு என்று தெரிந்துவிடும். 700 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். சிலிகா படிகமாகிவிட்டால் காஸ்டிக்கில் சுலபமாகக் கரையாது, தூசியும் நுரையீரலுக்குக் கெடுதல். எடுத்த நாளில் பாய்லர் எவ்வளவு சூட்டில் ஓடியது என்று ஆலை ஆளிடம் கேட்டுக் குறித்து வையுங்கள், அந்தக் குறிப்பு இல்லாமல் பின்னால் எதுவும் புரியாது.

வெண்ணாற்றங்கரை:
கழுவின தண்ணி சாம்பிள் எனக்கு அனுப்புங்க. மொத்தக் கரைந்த உப்பு, சல்ஃபேட் ரெண்டும் எங்க லேப்ல பார்த்துத் தர்றேன். பாட்டில் மேல தேதியும் எத்தனையாவது சுற்றுன்னும் எழுதுங்க. "சாம்பிள் 1, சாம்பிள் 2"ன்னு மட்டும் எழுதி அனுப்பினா திருப்பி அனுப்பிடுவேன்.

அரவை ஆலை:
எவ்வளவு தருவீங்களாவா? லாரி கொண்டு வாம்மா 😂 புதன்கிழமை வேணாம், பாய்லர் இன்ஸ்பெக்ஷன். வியாழன் காலையில எட்டு மணிக்கு வாங்க, ஃபயர்மேன் ஷிப்ட் மாறுறதுக்குள்ள அவர்கிட்ட பேசிக்கலாம். ஷூ, மாஸ்க் போட்டுட்டு வரணும், துப்பட்டா வேணாம். சாம்பல் மேல ஆறின மாதிரி இருக்கும், உள்ள கனல் இருக்கும், பிளாஸ்டிக் சாக்குல அள்ளாதீங்க. தகர டின் நான் எடுத்து வைக்கிறேன். ஊறல் தொட்டித் தண்ணியும் ஒரு கேன் பிடிச்சுட்டுப் போங்க, அதையும் யாராவது பார்க்கணும்.